உப்புப் போட்ட அண்டா

கடலைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு ஆமையைத் தெரியும். எங்கள் பக்கத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் அதில் ஒரு ஆமையையும் விட்டு வைப்பார்கள். பாசியைத் தின்னும், செத்து விழுந்த பூச்சியைத் தின்னும், தண்ணீர் தெளிவாக இருக்கும் என்பார்கள். அதே ஆமை தப்பித் தவறி வீட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும் குடும்பம் விளங்காது. கிணற்றுக்கும் வாசற்படிக்கும் நடுவில் எந்த இடத்தில் அதன் ராசி மாறுகிறது என்று கேட்டிருக்கிறேன். பெரியவர்கள் பதில் தெரியாத கேள்விக்குச் சொல்லும் பதிலைத்தான் சொன்னார்கள். போய்ப் படி என்றார்கள்.

பெரியப்பாவின் கிணற்று ஆமை நான் அவர் வீட்டுக்குப் போவதற்கு முந்தைய கோடையில் கிணறு வற்றியபோது செத்துப்போயிருந்தது. மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றை ஒட்டி அவருக்கு நெல்லும் கரும்புமாகக் கொஞ்சம் நிலம். என் சொந்த ஊர் அதுவல்ல. அப்பாவும் அம்மாவும் இருந்தது திருநாவலூர்ப் பக்கம். நான் மூன்றாவது பெண். எனக்குப் பிறகு ஒரு வழியாகத் தம்பி பிறந்தான். அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு அம்மா என் துணிகளை ஒரு மஞ்சள் பையில் திணித்து, "பெரிம்மா வூட்ல கொஞ்ச நாள் இரு. அங்க பள்ளிக்கூடம் நல்லா கீது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவளும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு மூக்குத்தி இல்லை என்பது எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். அதற்கும் என் மஞ்சள் பைக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாயங்காலம் திருக்கோவிலூரிலிருந்து வரும் பஸ் சத்தம் கேட்டால் முருங்கை மரத்தடிக்கு ஓடிப்போய் நின்றுகொள்வேன். அப்பா இறங்குவார் என்று. யார் யாரோ இறங்குவார்கள். உர மூட்டை இறங்கும். பஸ் போன பிறகும் புழுதி அடங்கும் வரை நிற்பேன். கொஞ்சம் தள்ளி, எனக்குப் பின்னால் பெரியம்மாவும் நிற்பாள். "வா கண்ணு, சோறு ஆறிப்போவுது" என்பாள்.  என் தட்டில் அவள் வைக்கும் பொரியல் அப்படியே இருக்கும். அவள் நன்றாகச் சமைப்பாள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் பெரியப்பாவின் அக்கா, எனக்கு அத்தை, வந்திருந்தாள். நான் மரத்தடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, நான் கேட்கும்படியாகவே பெரியப்பாவிடம், "இதுவும் ஒட்ட மாட்டேங்குது. இனிமே வேற பாக்க வேண்டியதுதான்" என்றாள். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது அவருடைய உழவு மாடு ஒன்று காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தது. ஜோடியோடு ஒட்டாத மாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். மாட்டுக்காக வருத்தமாகக்கூட இருந்தது.

மாசி மகத்துக்கு ஊர்ச் சாமி கடலுக்குப் போவார். லாரி பிடித்து, வைக்கோல் பரப்பி, சாமியை நடுவில் வைத்து, சுற்றிலும் ஜனங்கள் உட்கார்ந்துகொண்டு கடலூர்ப் பக்கம் போவோம். முந்தின நாளே போய் மணலில் பந்தல் போட்டுத் தங்கி, விடிந்ததும் சாமிக்குக் கடலில் தீர்த்தவாரி. பெரியம்மா அந்த வருடம் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள். என்னையும் கூட்டிப் போனாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டி, நிலாவையும் மேகம் மூடியிருந்ததால் கடல் எனக்குத் தென்படவில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. எங்களுக்குப் பின்னால் பெரிய பெரிய லாரிகள் வந்துகொண்டே இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரியம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். பந்தல் முழுக்க ஜனங்கள் கைகூப்பிக்கொண்டு நின்றிருந்தார்கள். சாமிக்கு முன்னால் மூங்கிலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. மேட்டு மணலிலிருந்து அந்த வெளிச்சத்தை நோக்கிச் சின்னச் சின்னதாக, கறுப்பாக, என்னவோ ஊர்ந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தன. ஆமைக் குஞ்சுகள்! ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் அடங்கும். துடுப்பு மாதிரி இருந்த கைகளால் மணலைத் தள்ளித் தள்ளிச் சாமியிடம் வந்தன. ஒன்று வழியில் படுத்திருந்த பெரியம்மாவின் முந்தானையில் ஏறி, அவள் மடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"சாமியப் பாக்க வந்துகீதுங்க" என்று யாரோ சொன்னார்கள். பூசாரி கற்பூரம் ஏற்றினார். ஒருவர் குஞ்சுகளைப் பொறுக்கிச் சாமி காலடியில் வரிசையாக வைத்துக் குங்குமம் வைத்தார். அவை வரிசையில் நிற்காமல் விளக்கைப் பார்த்தே ஓடின. பக்தியில் வரிசை ஏது!

அந்த நேரத்தில் கரையோரக் குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"லைட்ட அணைங்கய்யா! மொதல்ல லைட்ட அணைங்க!"

"சாமி முன்னால வௌக்க அணைக்கச் சொல்றியே, இன்னா பொம்பள நீ?" என்று பூசாரி எகிறினார்.

"அப்ப எல்லாம் காஞ்சி சாவட்டும், வுடு!" என்று அவளும் எகிறினாள். அவரோடு வாதாடிக்கொண்டே குஞ்சுகளை வாரி வாரிக் கூடையில் போட்டுக்கொண்டாள். பிறகு ஈர மணலில் கொண்டுபோய்க் கொட்டினாள். குங்குமத்தோடு அவை கடலுக்குள் போயின. சாமி பார்க்க வந்தவர்களை எதற்காக இப்படி விரட்டுகிறாள், விளக்கு அவளை என்ன செய்தது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் புரியவில்லை. கடற்கரைக்காரர்களுக்குச் சாமி பயமே கிடையாது என்று லாரி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

 பெரியம்மாவின் மடியில் ஒரு தூக்கு இருந்தது. வரும்போது அதில் புளிச்சோறு கொண்டுவந்திருந்தோம். திரும்பும்போது அதில் கடல் தண்ணீரும், முந்தானையில் ஏறிய அந்த ஒரு குஞ்சும் இருந்தன. மூடியைக் கொஞ்சம் தூக்கி எனக்கு மட்டும் காட்டினாள்.

பெரியப்பாவுக்குச் சந்தோஷம். "நல்லதாப் போச்சு. கெணத்துல வுடு, பாசியெல்லாம் தின்னும்" என்றார். பெரியம்மா சம்மதிக்கவில்லை. மகத்தன்று முழுக்குப் போட்டபோது அவள் வாயில் கடல் தண்ணீர் போயிருந்தது. "கெணத்துத் தண்ணி சப்புனு கீது. இதுக்கு ஆவாது" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். நெல் ஊறவைக்கும் பித்தளை அண்டாவைப் பின்பக்கத் தாழ்வாரத்துக்கு உருட்டி வந்தாள். தண்ணீர் ஊற்றிக் கல்லுப்பைக் கொட்டிக் கலக்கினாள். விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"நீ பாரு பாப்பா. கடலு மாரி கீதா?"

நானும் நக்கினேன். "கடல் இன்னும் கரிச்சிது பெரிம்மா."

இன்னொரு கை உப்பு. மறுபடி நக்கல். இந்த முறை அதிகமாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைச் சுளித்தோம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். ஏனென்றால் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை சரியாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப் பையை வீசிவிட்டு அண்டாவுக்கு ஓடுவேன். கருவாட்டைக் கிள்ளிப் போடுவேன், அது தின்னாது. சோற்றுப் பருக்கை போடுவேன், அது சீண்டாது. பஸ் வந்த சத்தமும் போன சத்தமும் எங்கோ கேட்கும். முருங்கை மரம் இருந்த திசையையே நான் மறந்துவிட்டேன். ராத்திரி பெரியம்மா பக்கத்தில் பாயைப் போட்டு, நாளைக்கு ஆமைக்கு என்ன கொடுப்பது என்று பேசிக்கொண்டே தூங்கிப்போவேன். இரண்டாவது தடவை பொரியல் கேட்டு வாங்கித் தின்றேன்.

ஆமை மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அண்டாவின் ஓரத்திலேயே நீந்தும். தலையால் பித்தளையை முட்டும். டொக் என்று சத்தம் வரும். கொஞ்சம் நகர்ந்து மறுபடி முட்டும். பகலெல்லாம் டொக், டொக். பெரியம்மா வேலை செய்துகொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இருக்கற கொற போதாதுன்னு ஆமைய வூட்டுக்குள்ள வச்சிகினு கீறியே" என்றாள். "தாழ்வாரம் வூடு இல்ல அண்ணி" என்றாள் பெரியம்மா. தாழ்வாரம் வீட்டில் சேர்த்தியா இல்லையா என்று இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். கூரையின் நிழல் எதுவரை விழுகிறதோ அதுவரை வீடுதான் என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பெரியம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் அண்டாவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டொக் என்று சத்தம் வந்தது.

"இன்னாத்துக்குப் பாப்பா இது இப்படி முட்டிகினே கீது? எங்கதான் போவணுமாம் இதுக்கு?" என்று கேட்டாள்.

கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பழக்கம். "அது அம்மாகிட்ட பெரிம்மா" என்றேன். அதற்கு அம்மா இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. தெரிந்த மாதிரி சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

முறம் நின்றுவிட்டது. அவள் ஆமையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். தவறாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று நான் மறுபடி ஒருமுறை அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அப்படின்னா ஆத்துல வுட்டுடு. பெண்ணையாறு கடலுக்குத்தானே போவுது, அதுவே போயிக்கும்" என்றார், கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்ப் பார்த்தாள். மாசியில் பெண்ணையாறு எப்படி இருக்கும் என்று பெரியப்பாவுக்குத் தெரியாததா! கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல். நடுவில் ஒரு குட்டையில் யாரோ எருமையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா கிழக்கே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "இது எப்ப போயிச் சேர்றது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். நான் அழுதேன். "நம்ம வூட்டு ஆமை பெரிம்மா, வேணாம் பெரிம்மா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். நம்ம வீடு என்று அந்த வீட்டை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ் சத்தத்தில் அவள் காதில் விழுந்ததோ என்னவோ. மடியில் தூக்கு, தோளில் என் மஞ்சள் பை. கடலில் நனைந்தால் மாற்றிக்கொள்ளத் துணி என்று நினைத்தேன். கண்டக்டர் தூக்கைப் பார்த்து, "இன்னாம்மா, மோரா?" என்றார். "பாப்பா குடிக்க" என்று பெரியம்மா கூசாமல் பொய் சொன்னாள். உள்ளே டொக் என்றது. கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

திருக்கோவிலூரில் மாறி, பண்ருட்டியில் மாறி, அதே கரைக்குப் போனபோது நல்ல வெயில். லாரியும் பந்தலும் கூட்டமும் இல்லாத கடல் ரொம்பப் பெரியதாக இருந்தது. கூடைக்கார அம்மாள் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். பெரியம்மா தூக்கின் மூடியைத் திறந்து காட்டியதும் அவள் எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"அன்னிக்கி வந்த கூட்டமா நீங்க? எடுத்துகினு போனவங்க திருப்பிக் கொண்டாந்து நான் பாத்ததில்ல" என்றாள். பெரியம்மா தண்ணீருக்குள் இறங்கப் போனதும், "அட, தண்ணில போடாதம்மா! மணல்ல வுடு. அதுவா நடந்து போவணும். அப்பதான் பெருசானா இந்தக் கரைக்கே திரும்பி வரும்" என்று தடுத்தாள்.

"திரும்பி வருமா?" என்று பெரியம்மா கேட்டாள்.

"வரும்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க."

"இதோட அம்மா உள்ள இருக்குமில்ல? பாத்துக்குமில்ல?"

அந்த அம்மாள் வாயைத் திறந்தாள். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "கடல்ல எல்லாம் இருக்கும், போ" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போடப் போய்விட்டாள்.

ஈர மணலில் விட்டதும் ஆமை ஒரு நிமிடம் அசையவில்லை. பிறகு நகர ஆரம்பித்தது. காக்கைகள் வந்துவிட்டன. பெரியம்மா முந்தானையை வீசி வீசி அவற்றை விரட்டிக்கொண்டே அதோடு கூட நடந்தாள். நானும் கையைத் தட்டிக்கொண்டு ஓடினேன். அலை வந்து அதைப் புரட்டிக் கரையில் எறிந்தது. அது திரும்பவும் போயிற்று. திரும்பவும் எறிந்தது. ஒவ்வொரு தடவையும் பெரியம்மாவுக்கு "ஐயோ" என்று வாய்விட்டு வந்தது. கடைசியில் ஒரு அலை வந்து போனபோது மணல் வெறுமையாக இருந்தது. இடுப்பு வரை நனைந்து நின்றிருந்தவள் கடலைப் பார்த்துக் கைகூப்பினாள்.

இப்போது அந்தக் கரையில் இளைஞர்கள் ஆமை முட்டைகளைக் காவல் காத்து, பொரிந்து வரும் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் நான் போய்ப் பார்த்தேன். செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள் என்று ஒரு பெண் எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இருட்டில் கடல்தான் மினுங்குமாம். அந்த மினுக்கத்தை நம்பித்தான் குஞ்சுகள் நடக்குமாம். வேறு வெளிச்சம் கண்டால் கடலென்று நினைத்து அங்கே போய்விடுமாம். அம்மா ஆமை முட்டையை மூடிவிட்டு அன்றைக்கே போய்விடும், உள்ளே யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னாள். அவை சாமியைப் பார்க்கவும் வரவில்லை, பெரியம்மா மடியைத் தேடியும் வரவில்லை, எங்கள் பெட்ரோமாக்ஸைப் பார்த்து வந்திருக்கின்றன என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. சொல்வதற்குப் பெரியம்மா அப்போது இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆமையை விட்டுவிட்டுத் திரும்பும்போது பண்ருட்டியில் திருக்கோவிலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றிருந்தது. பெரியம்மா அதைத் தாண்டி நடந்தாள்.

"பெரிம்மா, நம்ம பஸ் அதோ!"

"இதுல ஏறு கண்ணு" என்று திருநாவலூர் வழியாகப் போகும் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் என்னை ஏற்றினாள். ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தாள். காலியான தூக்கை என் மடியில் வைத்தாள். வழியெல்லாம் என் தலையைக் கோதிக்கொண்டே வந்தாள், ஒன்றும் பேசவில்லை. நான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆமைக்குக் கருவாடு போட்டதா, இரண்டாவது தடவை பொரியல் கேட்டதா, எது என்று தெரியவில்லை.

அம்மா வாசலில் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கிண்ணத்தோடு எழுந்துவிட்டாள்.

"இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம? இவ எதுனா பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் இல்ல. தங்கமான புள்ள. கொண்டாந்து வுட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." பெரியம்மா மஞ்சள் பையைக் கட்டிலின்மேல் வைத்தாள். வாய் வரை துணி திணித்திருந்தது. நான் கொண்டுபோனது அத்தனையும் துவைத்து மடித்து அதில் இருந்தது.

"அக்கா, மாமாகிட்ட கேட்டுகினு வந்தியா? அங்க இன்னா சொல்லுவாங்கோ?"

"நான் சொல்லிக்கிறேன்."

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடக் கடைசியில் பெரியப்பாவுக்கு இன்னொரு கல்யாணம் நடந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தியில் பெரியம்மாதான் பரிமாறினாள். எனக்கு வடை இரண்டாக வைத்தாள். அத்தை வேறு பார்க்க வேண்டும் என்று சொன்னது மாட்டையல்ல என்பது அன்றைக்கும் எனக்கு உறைக்கவில்லை. வடை நன்றாக இருந்தது.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று பெரியம்மா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். அப்போதுதான் நான் அங்கேயே விடப்படுகிறேன் என்று எனக்குப் புரிந்தது. தூக்கை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தேன்.  நான் என்ன செய்தேன் என்று கேட்க வேண்டும், என்னையும் கூட்டிப் போ என்று சொல்ல வேண்டும், அழுகைதான் வந்தது. அம்மா தம்பியை இறக்கிவிட்டு ஓடிவந்து என்னை வாரி அணைத்துக்கொண்டாள். "என் கண்ணே, அம்மாவப் பாக்காம இவ்ளோ ஏங்கிப்போயிட்டியா" என்று அவளும் அழுதாள். நான் திமிறிக்கொண்டு தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன்.

படி இறங்கின பெரியம்மா என் அழுகையைக் கேட்டுத் திரும்பி நின்றிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். கணக்குச் சரியாக வந்துவிட்டது என்று டீச்சர் தலையை ஆட்டுவார்களே, அந்த மாதிரி. பிறகு பஸ்ஸைப் பார்க்க நடந்துவிட்டாள். நான் இப்படி அழும்போது அவள் எதற்காக அப்படித் தலையை ஆட்டினாள் என்று எனக்கு விளங்கவில்லை.